பர்னிச்சர் மூச்சு விடுகிறது

வியாழக்கிழமை காலை. சௌடேஸ்வரி டீயில் இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டாள், மேய்ப்பன் திரையில் ஒரு மஞ்சள் பட்டையை நீட்டியது.

“பாளையங்கோட்டை. ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் புதிய பர்னிச்சர். தரை மட்டம். லேசான, சீரான அசைவு. ஃபேன் காற்றாக இருக்கலாம். அந்த அசைவை வடிகட்டி நீக்கவா?”

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம், இல்லை. ‘இல்லை’யை அமுக்கினால் ஏன் இல்லை என்று ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். அதனால் அந்த ஆபீசில் அதை யாரும் தொட்டதாகச் சரித்திரமே கிடையாது.

மேய்ப்பன் என்றால் ஆடு மாடு மேய்க்கிறவர் இல்லை. இழைவழி என்கிற இன்டர்நெட் கம்பெனியின் மென்பொருள். தமிழ்நாடு முழுக்க வீடு வீடாக அந்தக் கம்பெனி மாட்டி வைத்திருக்கிற வைஃபை பெட்டிகளை, வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே கண்காணிக்கும். வேகம் குறைந்தால் கூட்டும். பெட்டி மக்கர் பண்ணினால் அணைத்து எழுப்பும். எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டு, ஒப்புக்கு ஒரு மனுஷியிடம் அனுமதி கேட்கும். அந்த மனுஷிதான் சௌடேஸ்வரி. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வைத்து, கடைசியில் அவளிடமிருந்து ஒரே ஒரு விரலைத்தான் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் பிரிட்டோ. நாற்பது தாண்டிய மனிதர். பல வருஷம் புகார்ப் பிரிவில் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிவிட்டு, போன வாரம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். மஞ்சள் பட்டையை எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா சௌடு, அந்த வீட்டுல புதுசா பர்னிச்சர் வந்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்? கேமராவா வெச்சிருக்கோம்?”

“கேமரா எதுக்குங்கண்ணா? வைஃபை அலை வீடு பூரா பரவுதில்ல, எது குறுக்க இருந்தாலும் மோதித் திரும்பும். பீரோ இருந்தா ஒரு மாதிரி, ஆள் நடந்தா ஒரு மாதிரி. மேய்ப்பன் அதைக் கணக்குப் பண்ணி, அலையைச் சுத்தி வளைச்சு அனுப்பும். அப்பத்தான் வேகம் குறையாது.”

“அப்போ ஆள் இருக்கறதும் தெரியும்னு சொல்லு.”

“ஆள்னு சொல்லக் கூடாதுங்கண்ணா. நகர்ந்தா அதுக்குப் பேரு தற்காலிகத் தடை. நகராம இருந்தா பர்னிச்சர். மனுஷன்ங்கற வார்த்தையே மேய்ப்பன்ல கிடையாது. வீட்டுக்குள்ள இருக்கிறவங்களை நாங்க பாக்கறதே இல்லைன்னு கம்பெனி கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கு. அதனால வார்த்தையையே தூக்கிட்டாங்க.”

பிரிட்டோ கையிலிருந்த டீ டம்ளரை உருட்டினார். “எங்க அத்தை ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. வீட்டுல நம்ம பெட்டிதான்.”

“கட்டிலோட சேர்த்து எழுதியிருக்கும்ங்கண்ணா.”

அவர் டீயைக் கீழே வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை.

சௌடுவின் விரல் ‘ஆம்’ மேல் போய் நின்றது. அமுக்க வரவில்லை. ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினால் அசைவு தாறுமாறாக இருக்கும், அதைத் தினமும் பார்க்கிறாள். இது ஏறி இறங்குகிறது. நிதானமாக ஏறி, கொஞ்சம் நின்று, இறங்குகிறது. பழைய பதிவைத் திருப்பிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை அந்த வீட்டில் ஒரே ஒரு தற்காலிகத் தடை. அடுப்படிக்குப் போகும், ஹாலுக்கு வரும், ஜன்னல் பக்கம் நிற்கும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு பாத்ரூம் பக்கம் திரும்பியது. அங்கேயே காணாமல் போனது. காணாமல் போன அதே இடத்தில் ஒரு பர்னிச்சர் முளைத்தது.

டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சாயங்காலம் அதுவே ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு நின்றுபோயிருக்கிறது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வாசல் கதவு திறந்த அசைவும் இல்லை.

புதன்கிழமையும் இதே மஞ்சள் பட்டை வந்திருக்கிறது. வேறு ஷிஃப்டில் யாரும் கவனிக்கவில்லை. பதில் வராததால் மேய்ப்பன் தானாகவே ஒரு குறிப்புப் போட்டு மூடியிருந்தது. “அலை திருத்தப்பட்டது. வேகம் நன்று.”

வேகம் நன்றாம்! தரையில் ஒரு உயிர் கிடக்கிறது, அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் நின்றுபோன டிவிக்கு அலை சப்ளை பண்ணிவிட்டு, வேகம் நன்று என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிறது.

“அண்ணா, இது மூச்சுங்கண்ணா,” என்றாள். “யாரோ விழுந்து கிடக்கறாங்க. நேத்தைக்கு இருந்ததைவிட இன்னைக்கு மூச்சு மெலிஞ்சிருக்கு.”

“போன் பண்ணும்மா!”

“யாருக்குங்க? நமக்குப் பேரு, விலாசம், நம்பர் எதுவும் தெரியாது. பெட்டி நம்பரும் ஊரும்தான். மிச்சத்தை மறைச்சு வெச்சிருக்காங்க.”

நிரஞ்சன் சாரின் அறைக்கு ஓடினாள். பிரிவுத் தலைவர். கண்ணாடி அறை, மேஜையில் மூங்கில் செடி, சுவரில் ‘உங்கள் வீட்டில் ஒருவர்’ என்கிற கம்பெனி வாசகம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்லா கேட்பார். அதில் குறை சொல்ல முடியாது.

“வேகம் எப்படி இருக்கு?” என்றார்.

“சார்?”

“அந்தக் கனெக்ஷன்ல வேகம் நல்லாத்தானே இருக்கு?”

“சார், ஆள் சாகக் கிடக்கறாங்கன்னு சொல்றேனுங்க.”

“உட்காரும்மா. உனக்கு எப்படித் தெரியும் அது ஆளுன்னு? மேய்ப்பன் சொல்லுச்சா? பர்னிச்சர்னுதான சொல்லுச்சு? நாம ஆம்புலன்ஸ்க்குப் போன் பண்ணினா அவங்க முதல்ல என்ன கேப்பாங்க? எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அதுக்கு நாம பதில் சொன்னா, வீட்டுக்குள்ள ஆள் மூச்சு விடறது வரைக்கும் நமக்குத் தெரியும்னு ஆயிடும். கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தது பொய்னு ஆயிடும். லட்சக்கணக்கான வீடும்மா. மறுநாளே கம்பெனியை இழுத்து மூடிருவாங்க.”

“அப்போ தெரிஞ்சும் விட்டுடலாங்களா?”

“தெரியலைங்கறேன்,” என்றார் நிரஞ்சன், குரலே உயராமல். “நமக்குத் தெரியாது. தெரியக் கூடாது. புரியுதா?”

பாவி மனுஷன் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சௌடு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்ததால், போனால் போகிறதென்று ஒரு ஏற்பாடு செய்தார். வாடிக்கையாளர் திருப்தி அழைப்பு ஒன்று அந்த வீட்டுக்குப் போகட்டும், எடுத்தால் நல்லது என்றார். அதைச் செய்கிறதும் மெஷின்தான். சௌடு தன் இடத்துக்கு வந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் யாரும் எடுக்காமலே ஒரு இனிமையான பெண் குரல் பேசியது. “வணக்கம். எங்கள் சேவையில் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும்.” யாரும் எதையும் அழுத்தவில்லை. “உங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி,” என்று சொல்லி வைத்துவிட்டது.

“சீ!” என்று காதிலிருந்து பிடுங்கி மேஜையில் எறிந்தாள். அந்தப் பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் மூச்சு ஏறியது. நின்றது. இறங்க நேரமெடுத்தது. சௌடு அதையே பார்த்தாள். விலாசத்தை மறைத்துவிட்டார்கள், பெயரை மறைத்துவிட்டார்கள், சரி. எதை மறைக்கவில்லை? வைஃபைக்கு வீட்டுக்காரர் வைத்துக்கொண்ட பெயர். போனில் வைஃபையைத் தேடினால் வரிசையாக வருமே, அந்தப் பெயர். அது பெட்டியின் அமைப்பில் ஒரு பகுதி, அதை மறைத்தால் வேலையே நடக்காது. திறந்து பார்த்தாள். ‘மாடி வடிவு’ என்றிருந்தது.

“அண்ணா, பேரு வடிவு. மாடி வீடு.”

“பாளையங்கோட்டைல எத்தனை வடிவு, எத்தனை மாடி!”

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எந்த வடிவுன்னு தெரியுமில்லீங்களா?”

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. பெட்டிக்குப் பெட்டி பக்கத்து அலையைக் கேட்கும். யார் அலை பலமாகக் கேட்கிறதோ அவர்தான் பக்கத்து வீடு. மாடி வடிவைச் சுற்றி இழைவழியின் பெட்டிகளே ஏழெட்டு இருந்தன. ஒரு வீட்டின் வைஃபை பெயரை இங்கிருந்தே மாற்றலாம் என்றால், அந்தப் பெயர் தெருவில் இருக்கிற அத்தனை போனிலும் தெரியும் என்றால், பெயரையே சேதியாக்கிவிட்டால் என்ன?

தமிழில் அடித்துப் பார்த்தாள். பத்து எழுத்தோடு பெட்டி வாயை மூடிக்கொண்டது. ஒரு பெயருக்கு இவ்வளவுதான் இடம் என்று கணக்கு உண்டு, தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அதில் மூன்று இடம் பிடிக்கும். “இதுலயும் வஞ்சனையா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள். ‘வடிவு விழுந்தாச்சு உடைங்க.’ அளவாக அடங்கியது. மாடி வடிவின் பெட்டிக்கும் சுற்றியுள்ள எல்லாப் பெட்டிக்கும் அதே பெயர். சும்மா பெயரை மாற்றினால் யார் பார்ப்பார்கள்? அதனால் அத்தனை வீட்டுக்கும் நெட்டை நிறுத்த வேண்டும்; பெட்டிக்கும் ஆபீசுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அறுந்துவிடாது. நெட் போனால்தான் ஜனம் போனை எடுத்து வைஃபையை நோண்டும்.

பல பெட்டிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டாவது ஆள் ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும் என்று மேய்ப்பன் கேட்டது. சௌடு பிரிட்டோவைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கிற உரிமை அவளுக்கு இல்லை. அவருக்கு வீட்டில் கல்லூரி போகிற இரண்டு பெண்கள்.

பிரிட்டோ தன் திரையையே முறைத்தார். “இத்தனை வருஷம் போன்ல, ‘மன்னிக்கணும் சார், இங்கேர்ந்து எங்களால ஒண்ணும் பண்ண முடியாது’ன்னே சொல்லிச் சொல்லி வயித்தைக் கழுவினேன்,” என்றார். “எல்லாம் முடியும்னு இப்பத்தானே தெரியுது.” ஒப்புதலை அமுக்கினார்.

அந்தத் தெருவில் நெட் போனது. புகார்ப் பிரிவில் போன்கள் அலறத் தொடங்கியது இங்கேவரை கேட்டது. மூச்சு ஏறியது, இறங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. யாராவது பாருங்கப்பா, போனைத்தானே நாள் பூரா பார்க்கறீங்க, இன்னைக்கு ஒரு தரம் பாருங்களேன் என்று சௌடு மனசுக்குள் கெஞ்சினாள், திட்டினாள்.

பிறகு மாடி வடிவின் வாசல் பக்கம் அலை சட்டென்று குலுங்கியது. ஒரு தற்காலிகத் தடை உள்ளே வந்தது. பின்னாலேயே இரண்டு, நாலு, கணக்கே இல்லாமல் தடைகள். எல்லாம் பர்னிச்சரைச் சுற்றிக் குவிந்தன. பர்னிச்சர் தரையிலிருந்து எழும்பியது, கதவைத் தாண்டி வெளியே போனது.

மேய்ப்பன் குறிப்புப் போட்டது. “பர்னிச்சர் அகற்றப்பட்டது. வேகம் மிக நன்று.”

பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். சௌடு துடைக்கவில்லை, அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று மத்தியானமே இரண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணினார்கள். அனுமதியில்லாமல் வாடிக்கையாளரின் அமைப்பில் கை வைத்தது, சேவையை நிறுத்தியது, கம்பெனிக்குக் களங்கம். நிரஞ்சன் அவள் அடையாள அட்டையை வாங்கும்போது, “நீ நல்ல பொண்ணும்மா, ஆனா யோசிக்காம பண்ணிட்டே,” என்றார். எது யோசிக்காமல் பண்ணியதோ!

ஆனால் கம்பெனி நினைத்தபடி விஷயம் அமுங்கவில்லை. அந்தத் தெருவில் முகைதீன் என்றொருவர் டைலர் கடை வைத்திருக்கிறார். நெட் போன கடுப்பில் போனை எடுத்தவர், வைஃபை வரிசை முழுக்க ‘வடிவு விழுந்தாச்சு உடைங்க’ என்று இருந்ததைப் பார்த்து அரண்டுபோய், கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவை உடைத்தவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு, போனில் பிடித்து வைத்திருந்த அந்த வரிசையின் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். இரண்டே நாளில் தமிழ்நாடு பூரா அந்தப் படம்தான். இழைவழி உயிரைக் காப்பாற்றியது என்று ஜனம் கொண்டாடியது.

கம்பெனி என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று மார் தட்டிக்கொண்டது! வீட்டுக்குள்ளே பார்ப்பதே இல்லை என்று சத்தியம் பண்ணின அதே வாய், ‘உயிர்மூச்சு’ என்றொரு புதுத் திட்டத்தை அறிவித்தது. மாதச் சந்தா கட்டினால் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூச்சை இழைவழி இரவு பகலாகக் கவனிக்கும். சஸ்பெண்ட் ரத்து. நிரஞ்சனே காரோடு சௌடுவின் வீட்டு வாசலுக்கு வந்தார். விளம்பரப் படம் எடுக்கணும், அந்தம்மா உனக்கு நன்றி சொல்ற மாதிரி ரெண்டு நிமிஷம், வாம்மா என்றார்.

சௌடு படத்துக்காகப் போகவில்லை. இதுவரை மூச்சாக மட்டுமே தெரிந்த மனுஷியின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்காகப் போனாள்.

சண்முகவடிவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும். இடுப்பெலும்பு முறிவு. தண்ணியில்லாமல் கிடந்ததில் சிறுநீரகமும் கெட்டு, இனி வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கம்மியிருந்தாலும் வார்த்தை அளந்துதான் வந்தது.

நிரஞ்சன் பூங்கொத்தை வைத்தார். கேமராக்காரர் விளக்கைப் போட்டார்.

“அம்மா, நாங்க எப்படி உங்களைக் காப்பாத்தினோம்னு உங்க வாயால சொன்னாப் போதும்,” என்றார் நிரஞ்சன்.

“எனக்கு எங்க தெரியும்? மயங்கிக் கெடந்தவ நானு. நீங்கதான் சொல்லணும். நான் என்னைக்கு விழுந்தேன்?”

நிரஞ்சனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையிலிருந்த டேப்லட்டில் மேய்ப்பனைத் திறந்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை மத்தியானம்மா. பாருங்க, எங்க கிட்ட துல்லியமா இருக்கு.”

சௌடு எட்டிப் பார்த்தாள். அவர் திரையில் எதுவும் மறைக்கப்படவில்லை. சண்முகவடிவு, வீட்டு எண், தெரு, போன் நம்பர், எல்லாம் இருந்தது. அன்றைக்குக் கண்ணாடி அறையில் அவள் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் இந்த ஆள் கையில் விலாசம் இருந்திருக்கிறது! ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும்.

“கதவை என்னைக்கு உடைச்சாவ?” என்றார் சண்முகவடிவு.

“வியாழக்கிழமை காலைலம்மா.”

“நடுவுல புதன்கிழமைன்னு ஒண்ணு வரும்லா?”

நிரஞ்சன் டேப்லட்டைத் தாழ்த்தினார்.

“புதன்கிழமை எனக்கு நெனைவு இருந்துச்சு,” என்றார் அந்த அம்மாள். “கத்துனேன். குரல் போற மட்டும் கத்துனேன். ஒரு ஆளு வரல. சொவத்துல உங்க பொட்டி பச்சை லைட்டைப் போட்டுக்கிட்டு எனக்கு நேரா இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அதுவும் என்னையப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சுன்னு இப்பம் சொல்லுதிய. அப்பம் அந்தப் புதன்கிழமை உங்க கணக்குல நான் என்னவா இருந்தேன்?”

“கட் பண்ணுங்க,” என்றார் நிரஞ்சன்.

“பர்னிச்சருங்கம்மா,” என்றாள் சௌடு. “பர்னிச்சர்னு எழுதியிருந்தாங்க. படுத்துக் கிடக்கற அத்தனை பேரையும் அப்படித்தான் எழுதறாங்க. ஆளுன்னு தெரிஞ்சேதான்.”

“சௌடேஸ்வரி! கேமராவை நிறுத்துப்பா!”

“நிறுத்தாதீங்க தம்பி,” என்றார் சண்முகவடிவு. கேமராக்காரர் நிறுத்தவில்லை. அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்குமில்லையா. “இன்னைக்கு, இந்த நிமிஷம், என்னைய மாதிரி எத்தன பேரு கெடக்காவ?”

“அதுக்குத்தான்மா திட்டமே கொண்டு வர்றோம்,” என்றார் நிரஞ்சன், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி. “சந்தா கட்டினவங்களை உடனே கவனிப்போம். கட்டாதவங்க வீட்டுக்குள்ள நாம எட்டிப் பார்க்க முடியாதுங்க. அது அவங்க அந்தரங்கம்.”

சௌடு அவர் கையிலிருந்த டேப்லட்டைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும், அவர் விடவில்லை. தேடுகிற கட்டத்தில் அடித்தாள்: நேற்று வரை நடமாட்டம், இன்று தரை மட்டத்தில் பர்னிச்சர், சீரான அசைவு. பெயரும் விலாசமுமாகத் திரை நிறைந்தது. விரலால் தள்ளினாள், இன்னும் வந்தது.

நிரஞ்சன் கத்திக்கொண்டிருந்தார். சண்முகவடிவு அவர் பக்கம் திரும்பவே இல்லை. பூங்கொத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக் காகிதத்தை உருவி முழங்கால் மேல் விரித்து, நர்ஸ் விட்டுப்போன பேனாவை எடுத்துக்கொண்டார்.

“வாசிம்மா,” என்றார் சௌடுவிடம். “எம்புட்டு வேகமா வாசிச்சாலும் நான் எழுதிருவேன்.”